எண்பது மீட்டருக்குக் கீழே

பாஷ்யம் சோழபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தபோது, பால்ச்சாமி கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். மொட்டையடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. ராணுவத்தில் ஹவில்தார், மெக்கானிக். பதினாலு மாசம் அண்டார்டிகாவில் இருந்துவிட்டு லீவில் வந்தவர். அதே பயணத்தில் போன விஞ்ஞானி பாஷ்யம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பக்கத்து ஊர்க்காரர்கள் என்றாலும் பனிக்கண்டத்தில் வைத்துத்தான் பழக்கம்.

அங்கே பனியைத் துளைத்து நீள உருளைகளாக எடுத்தார்கள். ஒரு வருஷத்துப் பனிமேல் அடுத்த வருஷத்துப் பனி விழுந்து இறுகிக் கிடக்கும். ஆழத்துக் குமிழ்களில் அந்தக் காலத்துக் காற்று அடைபட்டிருக்கும். அளந்து பார்த்தால் அன்றைய காற்றில் என்னென்ன இருந்தது என்று தெரியும். திரும்பும் கப்பலில் ஆழத்து உருளைகள் இருந்த குளிரறையைப் பார்த்துக்கொள்வது பால்ச்சாமியின் பொறுப்பு. பூமத்திய ரேகையை நெருங்கிய அன்று, அவருடைய அப்பா இறந்த செய்தி வயர்லெஸில் வந்தது. அன்றும் மறுநாளும் மேல்தளத்திலேயே கிடந்தார். கீழே போனபோது சுவிட்ச் விழுந்து குளிர் மெஷின் நின்றிருந்தது. எண்பது மீட்டருக்குக் கீழே எடுத்ததெல்லாம் பெட்டிகளில் தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது.

பாஷ்யம் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"மெஷின் கோளாறுன்னு எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா விசாரணை முடிஞ்சுடும். புரமோஷனும் நிக்காது."

மோர் கொண்டுவந்த குருவம்மாள் புருஷனைப் பார்த்துவிட்டு பாஷ்யத்திடம் கேட்டாள்: "ஐஸு உருகுனதுக்கா சார் இம்புட்டு விசாரண? மறுபடியும் தோண்டிக்கிட வேண்டியதுதான?"

"தோண்டலாம்மா. இன்னொரு கப்பல் கெடைக்கணும். எனக்கு அஞ்சு வருஷம் போகும்."



"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார்," என்றார் பால்ச்சாமி. "நல்ல மெஷினு. கோளாறுன்னு எழுதுனா அதக் கழட்டிப்போட்டு வேற ஒண்ணு வைப்பாக. அது நடுக்கடல்ல நின்னா?"

"உங்க அப்பா போயிட்டார்னு உக்காந்திருந்தீங்க. அதை எழுத இந்த ஃபாரத்துல இடம் இல்லையே பால்ச்சாமி."

பால்ச்சாமி பழந்துணியில் கையைத் துடைத்தார். துடைத்தும் விரலில் கிரீஸ் இருந்தது. பேனாவை வாங்கி, டைப் அடித்திருந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில், எழுத்துக் கூட்டுகிறவர்போல மெதுவாக, தான் கீழே போகாமல் இருந்ததை மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். குருவம்மாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனாள்.

ராஜபாளையம் பஸ் வர நேரமானது. இருவரும் புளியமரத்தடியில் நின்றார்கள்.

"அந்தத் தண்ணிய என்ன செஞ்சீக சார்?"

"ரெண்டு பாட்டில் எடுத்து வச்சேன். எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. எந்த வருஷம்னு இனிமே பிரிக்க முடியாது."

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது பாஷ்யத்துக்கு. காகிதத்தை அவர் இன்னும் பையில் வைக்கவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னல் கம்பிக்கு வெளியே அது படபடத்துக்கொண்டே போனது.