ரேடியோ ஒன்று, டேப்ரிக்கார்டர் ஒன்று

இடஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டி ரோட்டில் போட்ட அந்த வாரம், தியாகதுருகம் போகிற வழியில் யாரோ ஒரு ரேடியோ கடையை உடைத்துவிட்டார்கள். உடைத்தவன் ஓடிவிட்டான். நைனார்பாளையத்தில் தன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த பச்சமுத்து போலீசிடம் அகப்பட்டான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் வீட்டில் ரேடியோவும் டேப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் இருந்தது. அதுதான் அவன் செய்த குற்றம்.

மூன்றாம் நாள் அவன் மனைவி பெரியநாயகி ரசீதோடு ஸ்டேஷனுக்குப் போனாள். கள்ளக்குறிச்சியில் இன்னாசி கடையில், மஞ்சள் விற்ற காசில் வாங்கியது. ஸ்டேஷனில் கேஸ் எழுதும் ரைட்டர் ரசீதைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுன்னு போட்டுருக்குது. நாங்க எடுத்தது ரெண்டு. ரேடியோ ஒண்ணு, டேப்ரிக்கார்டர் ஒண்ணு."

"ரெண்டும் ஒரே பொட்டிதாங்க. தோ, உங்க மேச மேலயே இருக்குதே."

அவளே போய்ப் பொத்தானைத் தள்ளினாள். செய்தி வாசித்தது. மறுபக்கம் தள்ளினாள். கேசட் பாடியது. ரைட்டர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டார்.

"எழுதினது எழுதினதுதாம்மா. அடிச்சி திருத்துனா என் வேல போயிடும். ரெண்டுக்கும் பில்லு கொண்டா. இல்லன்னா இன்னொண்ணு திருட்டு மாலு, உன் புருசன் ஜெயிலுக்குத்தான்."

பெரியநாயகி ரசீதைப் பிடுங்கிக்கொண்டாள். நேரே இன்னாசி கடைக்குப் போனாள். வியாபாரத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் அவர்.

"குடுத்தது ஒண்ணு. இன்னாத்துக்குமா நான் ரெண்டுன்னு எழுதணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிலுவை போட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தார். உண்மை ரசீது காட்டினால் திருடன், பொய் ரசீது காட்டினால் யோக்கியன். இந்த நியாயம் நாசமாய்ப் போக.

பொய் ரசீதைப் பார்த்ததும் ரைட்டர் முகம் மலர்ந்தது. "இதத்தான் மொதல்லயே கேட்டேன். ரெண்டு பொருளும் வாங்கிக்கினேன்னு கையெழுத்துப் போடு."

கம்பிக்குப் பின்னால் பச்சமுத்து உதடு வீங்கி நின்றுகொண்டிருந்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். அவனை வெளியே விட்டார்கள். ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் புருஷனையும் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ரைட்டரய்யா, எம் புருசன், எம் புள்ளைங்களுக்கு அப்பன், எங்க கொல்லையில ஏர் ஓட்றவரு, மூணும் இந்த ஒரே ஆளுதாங்க. மூணு பேருன்னு எழுதி வச்சிக்கினு, மீதி ரெண்டு பேரத் தேடிக்கினு வூட்டுக்கு வந்துடாதீங்க."

ரைட்டர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து, எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறார் எனப் பார்த்தார்.