பதினேழாம் நம்பர்

விடிவதற்கு முன்பே பொற்கொடியின் விரல்கள் மணலுக்குள் இருந்தன. பிசின் கலந்த மணல். கண்ணைக் கரிக்கும், நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரத்துக்குப் போகாது. அச்சுப் பெட்டியில் அள்ளிப் போட்டு இடிக்க வேண்டும். தட்டிப் பிரித்தால், வார்க்கப்போகும் பம்பின் உள்வெற்றிடத்தின் வடிவில் மணல்கட்டி ஒன்று நிற்கும். அதற்குப் பெயர் கோர். கடைசியாக ஆணி முனையால் அதன் கழுத்தில் தன் நம்பர் பதினேழையும் வருடத்தையும் இடவலம் மாற்றிக் கீறுவாள். இரும்பு வார்த்தபின் பம்பின் வாய்க்குள் அது நேராகத் தெரியும். பம்பு பழுதென்று திரும்பி வந்தால் யாரைத் தண்டிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் அந்த நம்பர்.

பதினோரு வருடமாக இதே வேலை. பீளமேட்டை ஒட்டிய அந்த இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் அவளையும் சேர்த்து ஒன்பது பெண்கள். அடுத்த மாதம் கோர் செய்ய மெஷின் வருகிறது. டிப்ளமோ முடித்தவர்களும் இரண்டாம் வருடம் படிக்கிறவர்களும் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் நின்றுகொள்ளலாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

பக்கத்துக் கல்லூரியில் ஒரு வழி இருந்தது. கையால் கற்றதையே படிப்பாக ஏற்று, முதல் வருடத்தைக் கழித்து, நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பொற்கொடி போனாள். விண்ணப்பத்தில் தன் வேலையை எழுதும்போது, பழக்க தோஷம், பதினேழை இடவலம் மாற்றிக் கீறிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அழிக்கப் போனவளின் கையைப் பிடித்தார் ஆசிரியை வரலட்சுமி.

"அழிக்காதீங்க அம்மணி. மணல்ல எழுதுன கைக்குத்தான் இது வரும். எனக்கு இது போதும், சேர்க்கைக் கமிட்டிக்குப் போதாது. சனிக்கிழமைக்குள்ள கம்பெனி லெட்டர் வேணும். இல்லீன்னா உங்க நம்பர் போட்ட வார்ப்பு ஒண்ணு கொண்டாங்க."

லெட்டர் கேட்டு முதலாளியிடம் போனாள். மரியாதையானவர். 'ங்க' போட்டே கழுத்தை அறுப்பார்.

"ஏனுங்க பொற்கொடி, நீங்க கோர் போடறீங்களா? ரிஜிஸ்டர்ல அப்படி இல்லீங்களே." திருப்பிக் காட்டினார். பொற்கொடி, பெருக்குபவர். ரிஃபானா, பெருக்குபவர். ஒன்பது பேரும் பெருக்குபவர்கள்.

"பதினோரு வருசமா நான் என்ன செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நல்லாத் தெரியும். லெட்டர் குடுத்தா நாளைக்கே கோர்க்காரிக்குண்டான கூலி கேப்பீங்க, அதுவும் தெரியும். பெருக்கறவளுக்கு எதுக்குங்க டிப்ளமோ?"

"பழுதுன்னு வந்த பம்பு ஒண்ணாவது குடுங்க. செவுத்தோரமா கெடக்குதுங்களே."

கேட்டிருக்கக் கூடாது. திரும்பி வந்த பம்புகளை உருக்காமல் சுவரோரம் குவித்து வைத்திருந்ததே பெண்களை மிரட்டத்தான். அந்தக் குவியல் சாட்சி சொல்லும் என்று அவள்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை உலை கொதிக்கும்போது அவளைக் கூப்பிட்டார். "பெருக்கறவதானுங்களே? அத்தனையும் பெருக்கி அள்ளி உலைல போட்டுருங்க."

சுமந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. உலைக்காரர் சின்னான் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒரு பம்பின் வாய்க்குள் இருந்த வருடத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. மகள் பிறந்த நாற்பதாம் நாளே திரும்பி வந்து, மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்கக் கோர் இடித்த வருடம் அது. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பம்பையும் போட்டாள்.

"ஆச்சுங்களா? இனி எல்லாரும் போய்க் கோர் போடுங்க. இரும்பு காத்துட்டிருக்குது."

ரிஃபானா கையிலிருந்த ஆணியைக் கீழே வைத்தாள். மூலைக்குப் போய் விளக்குமாற்றை எடுத்தாள்.

"ரிஜிஸ்டர்ல நாங்க பெருக்கறவங்கதானுங்களே. பெருக்கறமுங்க."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒன்பது பெருக்குபவர்களுக்கு அந்தக் கம்பெனியில் இருந்தது மூன்றே விளக்குமாறு. மற்றவர்கள் சாக்கைக் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். கோர் மேசைகள் காலியாகக் கிடந்தன.

"வெளிய நூறு பேரு வேலைக்கு நிக்கறாங்க! ஒருத்திக்காக ஒம்பது பேரும் கெட்டுப் போயிராதீங்க!" முதலாளியின் குரலில் முதன்முறையாக மரியாதை இடறியது.

சின்னான் உலையைத் தணித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "கண்ணு, ஆனைமலைல எம்மச்சான் வேலை செய்யற தோப்புல நம்ம பம்பு ஒண்ணு கழட்டிக் கெடக்குது. வாய்க்குள்ள பதினேழு இருக்குது, நானே பாத்தேன். பைக்ல போய் எடுத்தாரேன்."

"உங்க வேலை போயிருமுங்ணா."

"போனாப் போகட்டும். ஊர்க் கெணத்துல இருக்கற பம்பையெல்லாம் இவரு உலைக்குள்ள போட முடியுமா?"

கமிட்டி ஏற்குமா, ஏற்காதா, யாருக்கும் தெரியாது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. பொற்கொடி ஒரு விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். எட்டுப் பேரும் அவளோடு வரிசையாகப் பெருக்கிக்கொண்டே வந்தார்கள். முதலாளியின் செருப்பருகே வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பெருக்கோணும்."

அவர் ஓரடி பின்னால் போனார்.