பகலில் படுக்க ஓர் இடம்

காசிமேட்டு ஏலக்கூடத்துக்குப் பின்னால் நின்ற அட்டை அறைக்குள் அங்கம்மா குனிந்து நுழைந்தாள். மீன்கூடையை வெளியிலேயே வைத்துவிட்டாள். "சும்மா படுத்துப் பாக்குறேன்" என்றவள் முந்தானையைச் சுருட்டித் தலைக்குக் கொடுத்தாள். மகள் ஜோதிகா பசை டப்பாவை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா தூங்கிப்போயிருந்தாள்.

மதிப்பெண் போட வரும் தேர்வாளர்கள் கல்லூரியிலிருந்து கிளம்பிவிட்டதாக, கூடப் படிக்கும் பெர்சிஸின் போனுக்குச் செய்தி வந்திருந்தது.

ஜோதிகாவும் பெர்சிஸும் படித்தது வடிவமைப்பில் முதுகலை. ஒன்றை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்களோடு உட்கார்ந்தே அதைப் புதிதாக உருவாக்கக் கற்றுத்தரும் படிப்பு. "எல்லாரும் சேந்து யோசிக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று சேர்ந்த அன்றைக்கு அங்கம்மா சிரித்தாள். கடைசிப் பருவ வேலைக்கு மீன் விற்கும் பெண்களை எடுத்துக்கொள்ளலாம் என்றவள் பெர்சிஸ்தான். ஜோதிகாவுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. பிறந்து வளர்ந்த இடத்தில் விருந்தாளி மாதிரி வந்து நிற்பது கூச்சமாக இருந்தது.

முதல் கூட்டத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஐஸ் பெட்டி, தண்ணீர்க் குழாய், கழிப்பறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. பெர்சிஸ் சாக்பீஸை நீட்டி, "உங்களுக்கு என்ன வேணும்னு வரைஞ்சு காட்டுங்க ஆன்ட்டி" என்றாள். அங்கம்மா அதை வாங்கவில்லை. சிமெண்ட் தரையில் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டாள். "என்னியச் சுத்தி நீயே கோடு போடு கண்ணு. இத்தினி எடம் போதும்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழுந்த பிறகு தரையில் கிடந்த கோட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சிறுமி ஒருத்தி படுத்திருந்த இடம் போல அவ்வளவு சிறியதாக இருந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அதன் பக்கத்தில் படுத்தார்கள்.

அன்று இரவு அடுப்படியில் ஜோதிகா கேட்டாள். "ஏம்மா, படுக்கணும்னு வூட்ல ஒரு நாளாச்சும் சொல்லிக்கீறியா?"

"வூட்ல யாரு கேட்டா?" என்றாள் அங்கம்மா, குழம்பைக் கிளறியபடி. குரலில் கோபமே இல்லை.

அப்படித்தான் இந்த அறை உருவானது. விடியற்காலை ஏலத்துக்கும் சாயங்கால விற்பனைக்கும் நடுவே பெண்கள் உடம்பைச் சாய்த்துக்கொள்ள ஓர் இடம். முதலில் அட்டையில் கட்டிக் காட்ட வேண்டும். அதை அங்கம்மாவே தேர்வாளர்களிடம் விளக்குவதாக ஏற்பாடு.

"எழுப்பு ஜோ" என்றாள் பெர்சிஸ். "அவங்க வாயால சொன்னாத்தான் மார்க். நாம சொன்னா ஒத்துக்க மாட்டாங்க."

ஜோதிகா உள்ளே போய் மண்டியிட்டாள். அட்டை வழியே வடிந்த வெளிச்சம் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருந்தது. கடற்காற்றில் சுவர்கள் மெல்லப் புடைத்துப் புடைத்து அடங்கின. கன்டெய்னர் லாரிகளின் ஹார்ன், விசைப்படகின் இன்ஜின், ஐஸ் உடைக்கும் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் எங்கோ தூரத்தில் கேட்டன. இத்தனை வருடம் இந்த அம்மாவின் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். ஆனால் அது இருட்டில். தூங்கும் முகத்தைப் பகலில் பார்ப்பது இதுதான் முதல்முறை. நெற்றியில் ஒரு மீன்செதில் ஒட்டி மினுங்கியது. உதடுகள் லேசாகப் பிரிந்து, யாரிடமோ ஏதோ சொல்ல வந்து மறந்துபோனவள் மாதிரி இருந்தாள். தோள்வரை போன கையை ஜோதிகா இழுத்துக்கொண்டாள்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். தேர்வாளர்கள் இரண்டு பேர். மூத்தவரான அம்மையார், "யார் விளக்கப்போறீங்க?" என்று கேட்டார். பெர்சிஸ் ஜோதிகாவைப் பார்த்தாள்.

"அம்மா தூங்கிகினு கீறாங்க மேடம். நான் எழுப்பல."

கல்லூரியில் இதுவரை ஒருநாளும் அவள் வாயில் வராத வீட்டுப் பேச்சு. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. பெர்சிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். கூட வந்தவர் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் போட்டார்.

உள்ளே அங்கம்மா தூக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்து சுவரோரமாகப் படுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் படுக்கலாம் போல இடம் உண்டாயிற்று. அட்டையின் ஓட்டை வழியே இறங்கிய வெயில் அந்த இடத்தில் போய் விழுந்து கிடந்தது.