தினமும் பார்க்கிற பாதம்

நர்சிங் கல்லூரியில் படிக்கும் இசைவாணி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சர்க்கரை நோயாளிகளை வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி கேட்டு, மார்க் போட்டு அளக்கிறார்களாம். நோயாளி நான். அளக்கப்பட வேண்டியவர் என் கணவர் முனியராஜ். சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, போட்டோ எடுக்க உட்காருவதுபோல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அக்காவுக்குச் சாப்பாட்டு விஷயத்துல உதவுவீகளா, அண்ணாச்சி?”

“கல்யாண வீட்டுல ஜிலேபியத் தொட விடமாட்டேன் தாயி.”

உண்மைதான். “அவளுக்குச் சுகரு, வைக்காதீக!” என்று பந்தியே திரும்பிப் பார்க்கக் கத்துவார். எனக்கு வர வேண்டியதும் அவர் இலையில் விழும். இதை அன்பு என்று மனதார நம்புகிறார். பொய் சொல்கிறார் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

“மாத்திரை?”

“நாந்தான் ஞாபகப்படுத்துவேன்.”

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார். பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

“பாதத்தைத் தினமும் பாப்பீகளா?”

“பாக்காம?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் செருப்பு கூடாது, உரசினால் தீப்பிடித்துவிடும். வெறுங்காலில் அலுமினியப் பொடி வெள்ளியாக அப்பிக்கொள்ளும். சோப்புக்கும் முழுசாகப் போகாது. அந்தக் காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

“இன்னைக்கு இன்னும் பாக்கலையே. பாருங்க.”

“ஏ புள்ள, வேட்டி!”

அவரை அவமானப்படுத்தத்தான் வைத்தேன். ஆனால் இசைவாணியின் முகம் மாறியது. ஈரத்துணியால் என் பாதத்தைத் துடைத்தாள். பெருவிரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு குழி. எனக்கே தெரியாத புண். அதைச் சுற்றி விரலால் அழுத்தினாள்.

“வலிக்குதாக்கா?”

“எங்கன தொடுற?” என்றேன்.

அவள் அழுத்துவதை நிறுத்தவில்லை என்பதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

“இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்க்கா. விட்டா விரல எடுக்க வேண்டியதாயிரும்.”

என் கணவர் மடியிலிருந்து என் காலை இறக்கிவிட்டு வேட்டியைத் தட்டினார்.

“எங்கிட்டச் சொல்லவேயில்ல பாரு தாயி. அந்தக் கேள்விக்கு மார்க்கு கொறைஞ்சிருமோ?”

அவரையே பார்த்தேன். வெறுப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெறுக்கவும் எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

“முழு மார்க்கும் போட்ரு பாப்பா. பஸ் வரைக்கும் கூட வா, போதும்.”

வாசலில் நான் செருப்பை மாட்டுவதற்குள் இசைவாணி குனிந்து அதை எடுத்தாள். கல் ஏதும் கிடக்கிறதா என்று உள்ளே விரல்விட்டுத் தடவிப் பார்த்தாள்.

“அப்ப மத்தியானச் சோறு?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.