மூன்று விரல்கள்

வைத்தியர் லாடக்காரன் மனைவியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார்.

"கை ஜில்லுன்னு இருக்கே ஐயா. உங்களுக்கு உடம்புக்கு முடியலையா?" என்றாள் அவள்.

காவலன் ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். அரியணையில் இருந்தவர் சிரிக்கவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன், அரசரின் காய்ச்சல் இறங்கிய நாளில், பாராட்டு தலைக்கேறி, மனிதர் பொய் சொன்னால் நாடி காட்டிக்கொடுத்துவிடும் என்று வைத்தியர் பெருமையடித்திருந்தார். மறுநாளே அது சட்டமாகிவிட்டது. விசாரணைக்கு யார் வந்தாலும் அவர் நாடி பிடிக்க வேண்டும். எகிறினால் பொய். வாசலில் அத்தனை வாள்களைத் தாண்டி வருகிற எவருக்கும் எகிறத்தான் செய்யும். முதல் ஆளிலேயே அவருக்கு அது தெரிந்துபோயிற்று. சொல்லவில்லை. வீட்டில் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். பிறகு பேத்தி பிறந்தாள். பேத்திக்குப் பல் முளைத்தது, விழுந்தது. சொல்லாமலிருக்க ஏதாவதொரு காரணம் வீட்டில் வளர்ந்துகொண்டே இருந்தது. "எகிறுது" என்ற அவருடைய ஒற்றைச் சொல்லில் பதினேழு பேர் கொலைக்களம் போயிருந்தார்கள்.

"உன் புருஷன் எங்க?" என்றார் அரசர். போருக்குப் போகும் குதிரைகளுக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்று சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடியவன் அவன்.

"தெரியாது மகாராஜா. சொல்லிட்டுப் போற ஆளா இருந்தா, நாலு விறகாவது பொளந்து போட்டுட்டுப் போயிருக்கும்."

விரல்களுக்குக் கீழே எதுவும் மாறவில்லை. தூங்கும் குழந்தைகளிடம் மட்டுமே இந்த நாடி நடையை அவர் கண்டிருக்கிறார். அவள் சொல்வது நிஜமா பொய்யா, அவருக்குத் தெரியவில்லை. எதுவானாலும், இந்தக் கூடத்தில் ஓர் உடம்பு இப்படி இருக்க முடியும் என்பதே நாற்பது வருடமாக நாடி பிடித்தும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"என்ன சொல்லுது நாடி?"

வேண்டிய பதில் அரசரின் முகத்திலேயே இருந்தது.

"எகிறலை மகாராஜா. நிதானமா இருக்கு."

அரசர் படியிறங்கி வந்தார்.

"நீ சொல்றது நிஜமான்னு யார் பாக்கிறது?"

வைத்தியரின் மற்றொரு கையைப் பற்றி, மணிக்கட்டில் தன் கட்டைவிரலை அழுத்தினார். சற்று நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"எகிறுதே வைத்தியரே! தலைதெறிக்க ஓடுது."

கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது. அதற்கே சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. வைத்தியம் படிக்க வருகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தருவது இது. அரசருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இவ்வளவு பெரிய மார்புக்குள், இத்தனை வருடமும், இவ்வளவு பயமா?

"விரலை மாத்தி வைங்க மகாராஜா," என்றார் வைத்தியர், நோயாளியிடம் பேசும் குரலில். "கட்டைவிரல்ல பாத்தா உங்க நாடிதான் தெரியும்."

அரசரின் விரல் நகரவில்லை. நகம் வெளுக்கும்வரை அது அழுத்தியது. காவலர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியரின் இன்னொரு கை அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. அந்த மூன்று விரல்களுக்குக் கீழே, முதல்முறையாக, அவளுடைய நாடி எகிறியது.