பெட்டிக்கு நடுவில் பாஸ்போர்ட்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷமாகப் பார்சல் ஆபீசில் பெட்டி கட்டுகிறார். அங்கே அவரை எல்லோரும் முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கட்டிய பெட்டி லாரியிலிருந்து உருண்டாலும் வாய் திறக்காது. மனிதரும் அப்படித்தான், நாலு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் சொல்வார்.

நான் விமானம் ஏற இருந்த நாளுக்கு மறுநாள் காலை எங்கள் மகளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக இருந்தது. தலைப்பிரசவம், வெளிநாடு, மருமகன் கப்பல் வேலையில். கூட ஒரு ஆள் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் போவதாகத்தான் ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம் இவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, கொஞ்ச நாளைக்கு விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் மட்டும். அந்த விமானத்தை விட்டால் என் பெண் தனியாகத்தான் ஆபரேஷனுக்குப் போக வேண்டும்.

மகள் போனிலேயே பாடம் நடத்தியிருந்தாள். மூணு மணி நேரம் முன்னாடி போங்க, கைப்பையில தண்ணி பாட்டில் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம், பெட்டியை வீட்டுலயே எடை போட்டுடுங்க, பாஸ்போர்ட் பத்திரம். இவர் எல்லாவற்றையும் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ஆபீஸ் தராசையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார் என்றால் பாருங்கள்.

சொன்னபடி மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்துக்குப் போனோம். வாசலில் டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் காட்டி, இவருக்குப் பார்வையாளர் சீட்டு வாங்கி உள்ளே நுழைந்தோம். வரிசையோ நகருவேனா என்றது. ஒருவழியாக எங்கள் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண், "பாஸ்போர்ட் குடுங்கம்மா" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் பெட்டியைப் பார்த்தார்.

"உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"பெட்டிக்குள்ளதான். நடுவுல, உன் சேலைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்."

அவர் தொழிலில் அதுதான் சட்டம். உடையக் கூடாததை, தொலையக் கூடாததை நட்டநடுவில் வைத்து, சுற்றிலும் துணி அடைத்து, மேலே சாக்குத்துணி தைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட வேண்டும். மகள் பத்திரம் என்றாள், இவர் பத்திரப்படுத்திவிட்டார். போகிற வழியில் யாராவது கேட்பார்களே என்ற நினைப்பு துளிகூட இல்லை.

"இன்னும் இருபது நிமிஷத்துல கவுண்டரை மூடிடுவோம்மா" என்றாள் அந்தப் பெண். "ஓரமா வச்சுத் திறங்க. எடுத்ததும் நேரா என்கிட்ட வாங்க, வரிசையில நிக்க வேண்டாம்."

இவர் தரையில் உட்கார்ந்தார். ஒரு கண்ணில் மூடி போட்டிருந்ததால் விரலாலேயே தடவித் தடவி முடிச்சைத் தேடினார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஊர்ல உள்ளவன் சாமானையெல்லாம் கட்டினது போதாதா? என் பொண்ணு அங்க நாதியில்லாம கிடக்கணுமா?"

அவர் நகத்தைக் கொடுத்து முடிச்சை நெம்பினார். முதல் முடிச்சுக்கே ஐந்து நிமிஷம் போய்விட்டது.

கவுண்டர்ப் பெண் எழுந்து வந்து ஒரு கத்தரிக்கோலை நீட்டினாள். கயிற்றை வெட்டுகிறவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. செருப்புப் பெட்டிச் சணலைக்கூட அவிழ்த்துச் சுருட்டித்தான் வைப்பார். கத்தரிக்கோலை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"நீ வெட்டு. எனக்குச் சரியாத் தெரியல."

அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பாவமாக இருந்தது. கயிறு, தையல் எல்லாவற்றையும் வெட்டிப் பெட்டியைத் திறந்தேன். சேலை மடிப்புக்குள் பாஸ்போர்ட் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின்மேல் ஒன்று வைத்து நூலால் கட்டியிருந்தார்.

"உங்களுது எதுக்கு?"

"ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு. பிரிக்க மனசு வரல."

நூலையும் வெட்டினேன். கவுண்டர் மூட ஆறு நிமிஷம் இருந்தபோது அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கிச் சீட்டு கொடுத்தாள். கயிற்றுக் கட்டு இல்லாமல் போகிற பெட்டியை இவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சோதனை வாசல்வரை கூடவே வந்தார். "என்னோடதைக் குடு" என்று கையை நீட்டினார்.

"என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏதாவது கேக்கப் போறாங்க."

"கேட்டா சொல்லிக்கறேன். சொட்டு மருந்தை மறந்துடாதீங்க. நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"நீ என்ன பேசின?" என்றார்.

உள்ளே என் கைப்பையைச் சோதித்த காவலர் இரண்டாவது பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினார்.

"இவர் எங்கம்மா?"

"வெளியில நிக்கிறார். கண் ஆபரேஷன், வர முடியல."

"ஆள் வரலைன்னா இதை எதுக்குக் கொண்டு போறீங்க?"

"பேரப்பிள்ளையைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டார்" என்றேன்.

அவர் அந்தப் போட்டோவைச் சற்று நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்" என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து என் கையில் கொடுத்தார்.