தானாக எழுந்த கை

அண்ணனின் முன்பல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தங்கை இவ்வளவு நேரம் தூங்குகிறாளே, டீ ஆறிப்போகிறதே என்று பாசம் பொங்கிவிட்டது அவனுக்கு. அறைக்குள் போய் அவள் தோளைத் தொட்டு எழுப்பினான். அவ்வளவுதான், தூக்கத்திலிருந்து கிளம்பிய முழங்கை நேராக வாயில் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்தபோது அண்ணன் தரையில் உட்கார்ந்து ரத்தத்தைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தான். அவளோ சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "தொடாதேன்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அவளை எழுப்புவதென்றால் வாசற்படியைத் தாண்டக் கூடாது. அண்ணி வெளியே நின்றுகொண்டு துடைப்பக்கட்டையால் கதவைத் தட்டுவாள். அண்ணி தையல்காரி. கையில் இருக்கும் கத்திரி மழுங்கினாலும் மழுங்கும், வாய் மழுங்காது. "எழுந்திரும்மா மகராசி. இந்த வீட்ல மிச்சம் இருக்கிற பல்லாவது மிஞ்சட்டும்" என்பாள். தெருவில் கேட்பவர்களிடம் கணவன் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வைத்திருந்தாள். நாத்தனாரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் இல்லை அது, தன் குடும்பத்து மானத்துக்காகச் சொன்னது. இரண்டும் ஒன்றல்ல என்று அவளே உரக்கச் சொல்வாள்.

ராணுவத்தில் ஜீப் ஓட்டியவள் இப்போது ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டுகிறாள். அங்கே எல்லோரும் டிரைவரம்மா என்பார்கள். டாக்ஸி ஓட்டினால் இதைவிட நல்ல வருமானம் என்று முதலாளியே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ரொட்டி வேனில் முதுகுக்குப் பின்னால் தகரத் தடுப்பு இருக்கிறது, அந்தப் பக்கம் தட்டுத் தட்டாக ரொட்டிதான். யாரும் அங்கே உட்கார முடியாது, யாரும் கண்ணாடி வழியாக அவள் கழுத்தைப் பார்க்க முடியாது. இதை முதலாளியிடம் எப்படி விளக்குவது? "எனக்கு இது போதும் சார்" என்று முடித்துவிட்டாள். மற்றபடி அவளோடு யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. பின்னால் ஹாரன் அடித்தவனின் கண்ணாடியை இறங்கிப் போய்க் குத்தி உடைத்திருக்கிறாள். கடையில் யாரோ சவரம் செய்தபின் பூசியிருந்த வாசனைத் திரவத்தின் நெடி பட்டதும், வாங்கிய சாமானை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் கோபம் அடங்கியது, ஆனால் கூடவே ஆளும் அடங்கிப்போனாள். சாப்பிடாவிட்டால் வீடு அடங்கவில்லை.

எல்லாம் ஒரு கர்னலால் வந்தது. அவருடைய வண்டியைத்தான் அவள் ஓட்டினாள். ஒரு மத்தியான வேளை, துப்பாக்கி சுடும் மைதானத்திலிருந்து திரும்பும் வழியில், ஆள் அரவமற்ற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்கும் பழக்கம் அங்கே கிடையாது. நிறுத்தினாள். பின்னால் வா என்றார்.

அவள் புகார் கொடுத்தாள். முதல் விசாரணையில் அவளைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்விதான்: வண்டியை ஏன் கழுவினாய்? திரும்பி வந்ததும் ஜீப்பை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஷெட்டில் ஒப்படைக்க வேண்டும், அது விதி. கழுவினாள். பின்சீட்டையும் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினாள். கால் நிற்கவில்லை, கண் தெரியவில்லை, ஆனாலும் கை வேலையைச் செய்தது. அப்படிப்பட்ட காரியம் நடந்திருந்தால் தடயத்தை யாராவது கழுவுவார்களா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் அத்தனை பேரும் அதே விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான். கடைசியில் மனநிலை சரியில்லை என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கர்னல் அதே நாற்காலியில் இருந்தார்.

இப்போது நீதிமன்றம் சொன்னதால் மறுபடியும் ஒரு விசாரணை. இதுதான் கடைசி. அவளுக்கு நஷ்டஈடு வேண்டாம், வேலை வேண்டாம். 'நடந்தது' என்ற ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மனிதர் ஒருவர் மீது பழி போட்ட பைத்தியக்காரியாகவே அவள் காலம் போய்விடும். சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும், அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

விசாரணைக்குத் துணையாக அண்ணன் வரவில்லை. "அந்தாள நேர்ல பார்த்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றான், பல் போன சந்து வழியாகக் காற்று விசிலடிக்க.

"நீங்க ஒண்ணும் செய்ய மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். தள்ளுங்க, நான் போறேன்" என்று அண்ணி செருப்பை மாட்டினாள். பஸ்ஸில் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "இன்னிக்கு நாலு பிளவுஸ் தைச்சிருப்பேன்" என்றாள்.

மனநல டாக்டரும் டிரைவரம்மாவும் எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்திருந்தார்கள். வாந்தி வந்தால் பையில் பிளாஸ்டிக் உறை இருந்தது. மூச்சு முட்டினால் பாதத்தைத் தரையில் அழுத்த வேண்டும். அழுகை வந்தால் அழலாம், தப்பில்லை. பாய்ந்து கர்னலின் குரல்வளையைப் பிடிக்கத் தோன்றினால் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் அதிகம் பயந்தது அந்தக் கடைசிக்குத்தான்.

அறை நீளமாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் தலைவர், ஒரு ஓரத்தில் சீருடை அணிந்த பெண் மருத்துவர், மறு ஓரத்தில் வாயே திறக்காத ஒரு கிழவர். கர்னலின் வக்கீல் ஜன்னலோரம் கால்மேல் கால் போட்டிருந்தார். கதவருகே ஒரு பெண் சிப்பாய் காவலுக்கு நின்றாள். இருபது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். அண்ணியைப் பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதுவே பெரிய தண்டனை.

டிரைவரம்மா நன்றாகவே சொன்னாள். புறப்பட்ட நேரம், போன பாதை, நிறுத்திய இடம், அவர் சொன்னது, அவள் சொன்னது, அவர் செய்தது. குரல் ஒருமுறைதான் உடைந்தது. பெண் மருத்துவர் குறிப்பெடுத்துக்கொண்டே தலையசைத்தாள். இந்த முறை நம்புகிறார்கள் என்று தோன்றியது.

"கர்னலைக் கூப்பிடுங்க" என்றார் தலைவர்.

கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றாள். குதிகால்கள் ஒட்டின, முதுகு நிமிர்ந்தது, வலது கை மேலே போய் நெற்றியோரத்தில் நின்றது. அப்பழுக்கில்லாத சல்யூட். சீருடை இல்லாமல், தொப்பி இல்லாமல் சல்யூட் வைப்பதே தப்பு என்று பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லித் தருவார்கள். சுடிதாரில், தோளில் பையோடு அவள் வைத்தாள்.

கர்னல் அவசரப்படாமல் பதில் சல்யூட் வைத்தார். சிரித்தார். "உட்காரும்மா. நல்லா இருக்கியா?"

பின்வரிசையில் அண்ணி, "அடிப்பாவி" என்றது எல்லோருக்கும் கேட்டது.

வக்கீலுக்குக் கொண்டாட்டம். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஐயா, இதைப் பதிவு செய்யணும். யாரும் சொல்லல, யாரும் கட்டாயப்படுத்தல. தன்னைக் கெடுத்ததா சொல்ற ஆளைப் பார்த்ததும் எந்தப் பொண்ணாவது எழுந்து நின்னு மரியாதை செய்வாளா? மனசுல இருக்கிறதுதான் கையில வருது."

"பரவாயில்ல, விடுங்க" என்றார் கர்னல் பெரிய மனதோடு. "அருமையான டிரைவர் சார் இவ. மனசுதான் கொஞ்சம் சரியில்லாம போச்சு. எனக்கு இவ மேல கோவமே இல்ல."

அவள் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போல மடியில் கிடந்தது. வெட்டிப் போட வேண்டும் என்றிருந்தது. பெண் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கிழவர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அந்தப் பார்வையில் ஒரு முடிவு இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள்.

"அன்னிக்கும் வெச்சேன்" என்றாள்.

"என்ன?" என்றார் தலைவர்.

"சல்யூட். அன்னிக்கும் வெச்சேன் சார். எல்லாம் முடிஞ்சப்புறம். வண்டியை ஓட்டிட்டு வந்து ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, நான்தான் இறங்கிப் போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கினாரு. என் கை மேல போச்சு. அவர் பதிலுக்கு வெச்சுட்டு, இதோ இப்ப சிரிச்சாரே, இதே மாதிரி சிரிச்சாரு."

வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். "இதுவரைக்கும் எந்த வாக்குமூலத்திலயும் இதைச் சொல்லலையே? இப்ப வசதியா ஞாபகம் வருதாக்கும்?"

"எப்படிய்யா சொல்றது இதை?" அவள் மேஜையை அறைந்தாள். விளிம்பைப் பிடித்துக்கொள்வதெல்லாம் மறந்துபோயிற்று. "டாக்டர்கிட்ட சொல்லல. எனக்கு நானே சொல்லிக்கல. அவர் செஞ்சதை வெளியில சொல்ல முடிஞ்சுது. இதைச் சொல்ல முடியல. தினம் கனவுல வர்றது அந்த இடம் இல்ல. இந்தக் கை. ஏன்டி வெச்ச, ஏன்டி வெச்சன்னு கேட்டே நான் செத்துக்கிட்டிருக்கேன். நீ புதுசா என்ன கேக்கப்போற?"

கர்னலின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. எடுத்து வைக்க இடம் தெரியாதவர்போல அதை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் வெளியே காத்திருக்கலாம், கலந்து பேசிவிட்டு மணி அடித்துக் கூப்பிடுவோம் என்றார்.

தாழ்வாரத்தில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. டிரைவரம்மா உட்கார்ந்தாள். அண்ணி உட்காரவில்லை. எதிரே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இதை உள்ளயே வெச்சுக்கிட்டா இத்தனை நாளும் எங்க உசிர வாங்கின?"

அவள் பையை மடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கேக்கறேன்ல. ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க அண்ணி?"

உள்ளே தன் வாயிலிருந்து வந்த அந்த 'அடிப்பாவி' அண்ணிக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கோணியது. "எனக்குப் பேசத் தெரியாது" என்றாள், இன்னும் கோபமாகவே. "தைக்கத்தான் தெரியும்." பெஞ்சின் மறுகோடியில் தொப்பென்று உட்கார்ந்து சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

கதவு திறந்து கர்னல் வெளியே வந்தார். வக்கீல் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே கூட வந்தார். பூட்ஸ் சத்தம் நெருங்க நெருங்க டிரைவரம்மாவின் தொடை இறுகியது. பெஞ்சுப் பலகையை இரண்டு கையாலும் பற்றினாள். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள். கர்னல் அவள் பக்கம் திரும்பாமல் கடந்து, முடிவுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிப் போனார். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பி வாயிலைத் தாண்டிப் போயிற்று.

அப்போதுதான் அவள் பார்த்தாள். உள்ளே கதவருகே நின்று, இப்போது கதவுக்கு வெளியே காவல் நின்ற பெண் சிப்பாய் இன்னும் சல்யூட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கடந்தபோது உயர்ந்த கை, அவர் போன பிறகும் நெற்றியோரத்திலேயே இருந்தது. கண்கள் ஆளில்லாத படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

டிரைவரம்மா எழுந்தாள்.

"எங்கே போற?" என்றாள் அண்ணி.

அவள் போய் அந்தப் பெண்ணின் எதிரே, மிக நெருக்கமாக நின்றாள். "அவர் போயிட்டாரும்மா" என்றாள். "கையை இறக்கு."

பெண்ணின் உதடு அசைந்தது. "முடியலக்கா."

உள்ளே மணி அடித்தது. அண்ணி எழுந்து அவளைக் கூப்பிட்டாள். மணி மறுபடியும் அடித்தது. டிரைவரம்மா கை நீட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்று வியர்த்திருந்தது. மெல்லக் கீழே இழுத்தாள். கை வரவில்லை. இன்னொரு கையையும் கொடுத்து இழுத்தாள். நெற்றியிலிருந்து அது கொஞ்சம் விலகி, அவர்கள் இருவருடைய முகத்துக்கும் நடுவே, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நின்றது.